கடற்கொள்ளையனுக்குக் கிளி எதற்கு

அன்புள்ள மாமாவுக்கு,

முட்டிவலி குறைந்து, அத்தையோடு வாக்குவாதம் செய்யும் அளவுக்குத் தெம்பாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

"கடற்கொள்ளையர்கள் அப்படி இல்லை, சார்" என்று எங்கள் கடற்கொள்ளையர் கண்காட்சிக்கான கூட்டத்தில் நான் சொல்லவில்லை. நீங்கள் சொல்லி வாங்கித் தந்த அருங்காட்சியக வேலை. தகுதிகாண் பருவம் முடியப் பத்து நாள்தான் பாக்கி. மேலாளர் கறுப்புக் கண்பட்டை, கொக்கிக் கை, பஞ்சடைத்த கிளி எல்லாவற்றையும் மேசையில் பரப்பி, "எல்லாப் படத்துலயும் இப்படித்தானே வர்றான்?" என்றார். தலையாட்டினோம். எங்கள் அலுவலகத்தில் மறுப்பை யாரும் வாயால் சொல்வதில்லை. விளக்க அட்டையின் வரைவுத்தாளுக்குப் பின்னால் பென்சிலால் எழுதிவைப்போம், அவர் தனியாகப் படித்துக்கொள்வார்.

நானும் எழுதினேன் மாமா, புதையல் பெட்டிக்கான தாளின் பின்னால் "புதைத்தவர்கள் மிகச் சிலர், பெரும்பாலும் பிடுங்கியது பாய்த்துணி, கயிறு, மருந்துப்பெட்டி" என்றும், தலைவன் பொம்மைக்கான தாளின் பின்னால் "பல கப்பல்களில் தலைவனை ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்தார்கள், சரியில்லையென்றால் இறக்கியும் விட்டார்கள், இங்கே அந்த வசதி இல்லை" என்றும், கிளிக்கான தாளின் பின்னால் "இதற்கு ஆதாரம் மேலாளரின் பிடிவாதம் மட்டுமே" என்றும் எழுதித் தொலைத்தேன், அந்த வாரம் பார்த்து அவர் காய்ச்சலில் படுத்துவிட, தாள்கள் நேராக அச்சகம் போய்விட்டன, அச்சுக்காரர் பென்சில் எழுத்துதான் கடைசித் திருத்தம் என்று நினைத்து அதையே கொட்டை எழுத்தில் அடித்து, வெள்ளிக்கிழமை திறப்புக்கு முன் மாட்டியும் விட்டார்.

நான் போனபோது கிளி முன்னால் ஒரே சிரிப்பு. கூட்டத்துக்குப் பின்னால் மேலாளர்.

"இத எழுதினது யாரும்மா?"

"நான்தான் சார்."

"தலைவன் பொம்மைக்கும்?"

"அதுவும் நான்தான் சார்."

கிளியையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். "திங்கக்கிழமை ரூமுக்கு வா."

ஆகவே வேறு வேலை ஏதாவது கண்ணில் பட்டால் சொல்லுங்கள். அம்மாவிடம் பக்குவமாக எடுத்துச் சொல்லுங்கள்; "அப்பவே கல்யாணம் பண்ணியிருந்தா" என்று ஆரம்பித்தால் முட்டிவலியைப் பற்றிப் பேசிவிடுங்கள். அத்தைக்கு என் அன்பு. உங்கள் இருவர் ஆசியும் திங்கட்கிழமை வரைக்குமாவது எனக்கு வேண்டும்.

உங்கள் மருமகள்

பி.கு.: வெட்கப்பட்டுக்கொண்டு இதைத் தபாலில் போடாமல் பையிலேயே வைத்திருந்தேன். இன்று திங்கட்கிழமை. "மூணு நாளா ஜனங்க அட்டையப் படிக்கத்தான் வர்றாங்க. கண்பட்டையையும் கொக்கியையும் எடுத்துடு. கிளி மட்டும் இருக்கட்டும்மா, எனக்குப் பழகிடுச்சு" என்றார் மேலாளர். பிறகு என் பணிநிரந்தர ஆணையில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.