கட்டம் சாரும் காணாமல் போன ஓடையும்

கல்வராயன் மலையையே சதுரம் சதுரமாக நறுக்கிய ஒரே மனிதர் எங்கள் கட்டம் சார்தான். கள்ளக்குறிச்சியில் ஒரு நீர்வடிப்பகுதித் திட்ட அலுவலகத்தில் என் பக்கத்து மேசைக்காரர். மலையில் பெய்யும் மழை எந்த வழியாக இறங்கும் என்று கணினியில் ஓட்டிப் பார்ப்பது எங்கள் வேலை. அதற்கு மலைப்படத்தைக் கட்டங்களாகப் பிரிக்க வேண்டும். ஒரு கட்டத்துக்கு ஒரே உயரம். கட்டம் எவ்வளவு பெரிதாக இருக்கலாம் என்பதில்தான் மனிதர் சோறு தண்ணீர் மறந்தார். தோசையைக்கூடச் சதுரமாகப் பிய்த்துத்தான் தின்பார்.

கரியாலூருக்கு மேலே தடுப்பணைக்கு இடம் சொல்ல வேண்டியிருந்தது. சரியான ஓடையில் கட்டினால் கீழே மருதாயி என்ற விவசாயியின் மரவள்ளிக் காட்டுக் கிணறு கோடையிலும் ஊறும். தப்பினால் அந்தக் காடு காய்ந்துபோகும். மேலதிகாரிக்கோ அறிக்கை போனால் போதும்.

“பெரிய கட்டமா போட்டு முடிங்க. மலை இன்னா எழுந்து ஓடவா போவுது?”

போட்டோம். பெரிய கட்டத்துக்குள் ஓடை மறைந்துபோய், தண்ணீர் மேட்டில் ஏறி அந்தப் பக்கம் இறங்குவதாகப் படம் வந்தது. அணையை அந்தப் பக்கமே கட்டிவிடலாம் என்று மேலதிகாரி கையெழுத்துப் போடப் போனார்.

“மலை ஓடாதுங்க. தண்ணி ஓடும்,” என்று கட்டம் சார் பேனாவைப் பிடுங்கி மூடினார்.

அடுத்து பொடிக் கட்டமாக நறுக்கினார். கணினி கொதித்தது. என் மேசை விசிறியைக் கேட்காமலே தூக்கி அதற்கு வைத்துவிட்டார். நான் பழைய அறிக்கையால் விசிறிக்கொண்டேன். அந்த அறிக்கை யாருக்காவது பயன்பட்டது அன்றைக்குத்தான். வந்த படத்திலோ ஒவ்வொரு வரப்பும் அணையாக நின்று, ஒரு சொட்டும் கீழே இறங்கவில்லை. அப்படியானால் அணையே வேண்டாமே என்று மேலதிகாரி மகிழ்ந்துபோனார்.

கட்டம் சார் சுண்ணாம்புச் சட்டியோடு மலையேறினார். எந்த அளவில் ஓடை தொலையாது, வரப்பும் வம்பு பண்ணாது என்று பார்க்க, ஓடைக்கரையில் பெரிதும் சிறிதுமாகக் கட்டம் போட்டார். வெள்ளைக் கோட்டைக் கண்டதும் ஒரு மனைத் தரகர் பைக்கை நிறுத்தினார்.

“கார்னர் மனை இன்னா ரேட்டுங்க?”

“இது ஓடைங்க. எந்தக் கட்டத்துல தொலையுதுன்னு பாத்துக்கினு இருக்கேன்.”

“தொலையட்டும் சார். பட்டா நாங்க வாங்கிக்கறோம்.”

சட்டியோடு அவரைத் துரத்திக்கொண்டு கட்டம் சார் ஓடியதைக் கரியாலூர்க்காரர்கள் இன்னும் சொல்லிச் சிரிக்கிறார்கள்.

கடைசியில் ஒரு நடுத்தரக் கட்டம் தேறியது. படத்தில் ஓடை தன் வழியிலேயே இறங்கியது. அணையும் அங்கேயே வந்தது. கோடையில் மருதாயி அவித்த கிழங்கோடு அலுவலகத்துக்கு வந்தார்.

“கெணத்துல தண்ணி நிக்குதுங்க.”

கட்டம் சார் கத்தியை எடுத்தார். கிழங்கைச் சதுரமாக நறுக்கி எல்லாருக்கும் கொடுத்தார். மேலதிகாரிக்குப் பெரிய கட்டம்.

இப்போது அவர் வேறு மாவட்டத்தில் இருக்கிறார். என் விசிறி என்னிடமே இருக்கிறது. மலைப்பக்கம் மழைமேகம் கறுத்தால் அதைக் கணினிப் பக்கம் திருப்பிவிட்டு வியர்த்துப்போய் உட்கார்ந்திருக்கிறேன். மனிதர் இல்லாமல் அந்தக் காற்று எனக்குப் பிடிக்கவில்லை.