குசினிச் சுவருக்குப் பெருவில் ஒரு சாட்சி

ஒரு மணித்தியாலம். ஒரேயொரு மணித்தியாலம் இந்த வீட்டிலை என்ரை சொல்லுத்தான் சொல்லு எண்டு போன சனிக்கிழமை முடிவெடுத்தனான். முப்பது வருசத்திலை நான் எடுத்த ரெண்டாவது முடிவு. முதலாவது, கலியாணம் கட்டினது. அதையும் மனிசி யூலிற்றாதான் எடுத்தவா எண்டு இப்ப சனம் கதைக்குது.

விசயம் இதுதான். கனடாவிலை இருக்கிற மகள் டக்சாயினி எங்கடை கலியாண நாளுக்கு ஒரு பரிசு ஒழுங்கு பண்ணினவள். பெரு எண்ட நாட்டிலை இன்கா ராசாக்கள் கட்டின பழைய இடங்களை ஒரு வழிகாட்டி நடந்து நடந்து போனிலை வீடியோவாக் காட்டுவா. எங்கள் ரெண்டு பேருக்கும் மட்டும், தனியா. நாங்கள் எங்கடை ஊர் நாயாற்றிலை கதிரையிலை இருந்து பாக்கிறது. இஞ்சை பின்னேரம் ஏழு மணி, அங்கை விடிய எட்டரை.

"அவா இங்கிலீசிலைதான் கதைப்பா அப்பா. நீங்கள்தான் அம்மாவுக்குத் தமிழிலை சொல்லவேணும்" எண்டாள்.

அந்த இடத்திலைதான் என்ரை மூளை வேலை செய்யத் துவங்கினது.

எங்கடை குசினிக்கு மூண்டு பக்கம் சுவர். கடற்பக்கம் மட்டும் தகரம். காத்தடிச்சால் அடுப்பு அணைஞ்சு நூரும், குழம்புக்கை மண் விழும். சுவர் கட்டவெண்டு ரெண்டு வருசத்துக்கு முன்னம் ஒரு ட்ரக்டர் கருங்கல்லு இறக்கினனாங்கள். இப்ப அதிலை கோழி முட்டையிடுது. யூலிற்றா கேக்கிற நேரமெல்லாம் என்ரை பதில் ஒண்டுதான்: "நல்ல சீமெந்து வரட்டும்." சீமெந்து வந்தால், "மழை வரப்போகுது, கட்டியாப் போகும்." மழை விட்டால், "வெயிலுக்கு வெடிச்சுப் போகும்." சீமெந்துக்கு இருக்கிற நோய்நொடியெல்லாம் எனக்குக்கூட இல்லை.

அவாவுக்கு இங்கிலீஷ் தெரியாது. நானோ கடற்றொழிலாளர் சங்கத்திலை இருபது வருசம் இங்கிலீஷ் கடிதம் எழுதினவன். வழிகாட்டி என்னத்தைச் சொன்னாலும் நான் எனக்கு வசதியா மாத்திச் சொல்லுவன். ராசாக்களே சீமெந்துக்காக ஐம்பது வருசம் காத்திருந்தவை எண்டு சொன்னால், மனிசி பிறகு சுவரைப் பற்றி வாய் திறப்பாவோ?

சரியா ஏழு மணிக்குப் போனிலை ஒரு சிரிச்ச முகம் வந்தது. பேர் மார்த்தா.

"டியர் மேடம்," எண்டன். "ஐ பெக் டு இன்ஃபோம் யூ, குட் மோர்னிங்."

"இதென்னப்பா, சங்கத்துக் கடிதம் மாதிரிக் கிடக்கு?" எண்டா யூலிற்றா.

"நீ சும்மா இரு. மரியாதையாத் துவங்கவேணும்."

மார்த்தா தான் நிக்கிற ஊரின்ரை பேரைச் சொன்னா. ஒல்லந்தாய்தாம்போ.

"ஒல்லாந்தரோ? எங்களிட்டை வந்து கோட்டை கட்டினவையோ?"

"ஒல்லாந்தர் இல்லை. இன்கா."

"இஞ்சையோ?"

"இஞ்சை இல்லையடி, அங்கை! இன்கா!"

மார்த்தா ஒரு சுவருக்குக் கிட்டப் போனா. ஐயோ, என்ன கல்லு! ஒவ்வொண்டும் எங்கடை வள்ளத்தளவு. ரெண்டு கல்லுக்கு நடுவிலை ஒரு கடுதாசியை வைச்சுத் தள்ளிக் காட்டினா. கடுதாசி போகேல்லை. சாந்து ஒண்டும் வைக்காமல், கல்லைச் செதுக்கிச் செதுக்கியே பொருத்தினதாம். "நோ மோட்டர்!" எண்டா; மோட்டர் எண்டால் இங்கிலீசிலை சாந்து. எனக்கு வேர்த்துப் போச்சு.

"மோட்டர் எண்டது எனக்குக் கேட்டது" எண்டா யூலிற்றா.

"ஓமோம். தண்ணி மோட்டர் இல்லாத காலமாம். கிணத்திலை அள்ளி அள்ளித்தான் சீமெந்து குழைச்சவையாம்."

"அப்ப சீமெந்திலையோ கட்டினவை?"

"பின்னை? நல்ல சீமெந்து வரட்டுமெண்டு ஐம்பது வருசம் காத்திருந்தவையாம். ஒரு ராசா மட்டும் பெண்சாதியின்ரை ஆக்கினையிலை அவசரப்பட்டவராம். அவற்றை சுவர் அடுத்த நாளே விழுந்திட்டுதாம்."

யூலிற்றா என்னை ஒருக்காப் பார்த்தா. அப்பவே எனக்கு விளங்கியிருக்கவேணும்.

பிறகு மார்த்தா, ஆக்கள் இப்பவும் குடியிருக்கிற ஒரு வீட்டுக்குள்ளை கூட்டிக்கொண்டு போனா. அதே இன்காச் சுவர். அடுப்பு எரியுது. மேசையிலை சுட்டெடுத்த பாண் கிடக்கு. வீட்டுக்காரியோடை தன்ரை பாசையிலை ஏதோ கதைச்சுப்போட்டு, எங்களைப் பாத்து "கொசினா" எண்டா.

யூலிற்றா கதிரையாலை எழும்பீட்டா. "குசினி!"

"சீ, சீ! கொசினா!" அவையின்ரை ஊரிலை சீ எண்டால் ஓம் எண்டு அவா சிரிச்ச சிரிப்பிலையே விளங்கினது.

"மேசை!"

"மேசா!"

"பாண்!"

"பான்!"

ரெண்டு பேரும் ஒரே வகுப்பிலை படிச்சவை மாதிரி விழுந்து விழுந்து சிரிக்கினம். நான் நடுவிலை "டியர் மேடம், டியர் மேடம்" எண்டு கத்துறன், ஆர் கேக்கினம்? போர்த்துக்கேயன் எங்களிட்டை விட்டிட்டுப் போன சொல்லுகளும் மார்த்தாவின்ரை ஸ்பானியப் பாசையும் ஒண்டுக்கொண்டு சொந்தமெண்டு எனக்கு ஒருத்தரும் சொல்லேல்லை.

யூலிற்றா போனுக்குக் கிட்டக் குனிஞ்சா. அடுப்புக்குப் பின்னாலை தெரிஞ்ச சுவரிலை, ஒரு கல்லுக்கும் மற்றக் கல்லுக்கும் நடுவிலை விரலாலை கோடு இழுத்தா. ஆறுதலா ஒரேயொரு சொல்லுக் கேட்டா.

"சீமெந்து?"

மார்த்தா ரெண்டு கையையும் விரிச்சா. "நோ, நோ, சென்யோரா! நோ செமெந்தோ!"

இதை எப்பிடி மாத்திச் சொல்லுறது, நீங்களே சொல்லுங்கோ.

"என்னவாமப்பா?"

"லைன் கிளியர் இல்லை."

"எனக்கு நல்ல கிளியர். ஐஞ்ஞூறு வருசமா நிக்குது. செமெந்தோ இல்லை."

"அவைக்கு ஆயிரக்கணக்கிலை ஆக்கள் இருந்தவை, யூலிற்றா!"

"அவை மலை முழுக்கக் கட்டினவை. எனக்கு எட்டடிச் சுவர்தானே. நீங்கள் ஒராள் காணும்."

ஐஞ்ஞூறு வருசக் கதையை நான் சொல்லேல்லையே, இவாவுக்கு ஆர் சொன்னதெண்டு யோசிச்சன். கேக்கிறதுக்கிடையிலை அவா குசினிக்குள்ளை போயிட்டா.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிஞ்சு வந்து, கோழியளைக் கலைச்சுப்போட்டுக் கல்லுத் தூக்கத் துவங்கினன். உள்ளதைச் சொல்லுறன், எனக்குச் சந்தோசம்தான். நாலு நாளிலை இடுப்பளவுக்கு வந்திட்டுது. அடுப்பு நூருறேல்லை. குழம்பிலை குழம்பு மட்டும்தான் கிடக்கு. ஒவ்வொரு வரிசை முடியவும் அவா பிளேன்ரீயும் பனங்கட்டியும் கொண்டுவந்து, பக்கத்திலை இருந்து கதைச்சுப்போட்டுப் போறா. இன்காச் சுவருக்குள்ளாலை கடுதாசி போகாது. என்ரை சுவருக்குள்ளாலை பூனை போகும். அது பரவாயில்லை எண்டிட்டா.

நேற்று மகள் போன் எடுத்தவள்.

"நல்ல பரிசு பிள்ளை," எண்டன். "ஆனா உலகத்திலை இவ்வளவு இடமிருக்க, ஏன் பெருவைப் பிடிச்சனி?"

"நான் எங்கையப்பா பிடிச்சனான்? சீமெந்து இல்லாமல் சுவர் கட்டின சனம் உலகத்திலை எங்கை இருக்கெண்டு மூண்டு மாசமாத் தேடச் சொன்னது அம்மா."