அடுத்தவர் நெஞ்சுக்கும் பதில் சொல்பவர்

கேள்வி ஒருவரிடம் கேட்கப்படும். பதில் இன்னொருவரிடமிருந்து வரும். இந்த இன்னொருவரை நீங்கள் கட்டாயம் சந்தித்திருப்பீர்கள். பஸ்ஸில் பக்கத்து ஆசனக்காரரிடம் "எங்க போறீங்க?" என்று கேட்டுப் பாருங்கள், இவர் சொல்வார். கலியாண வீட்டில் மாப்பிள்ளையிடம் "சோறு போதுமா?" என்றால், இவர் "போதும்" என்பார், மாப்பிள்ளை அரைவயிற்றோடு எழும்புவான். இவருக்குக் கெட்ட எண்ணம் எதுவும் கிடையாது. ஊரார் மனதெல்லாம் தன் சட்டைப்பையில் இருக்கிறது என்ற நம்பிக்கை மட்டுந்தான்.

கல்முனையில் இந்த இனத்தின் தலைமகன் ஜவுபர் ஹாஜியார். பிரதான வீதியில் இரும்புக்கடை. ஒரு நலன்புரிச் சங்கத்தின் தலைவர். இன்னொன்றின் தலைவராகப் போகிறவர். மனைவி நதீராவைக் கிளினிக்குக்குக் கூட்டிக்கொண்டு போனால், டொக்டர் நதீராவின் முகத்தைப் பார்த்துக் கேட்பார். ஹாஜியாரின் வாய் பேசும். "நித்திரை வருதா?" "வருது." "சாப்பாடு?" "நல்லாச் சாப்பிடுவா." கடைசியில் "நாக்கை நீட்டுங்க" என்றபோது ஹாஜியார் தன் நாக்கை நீட்டினார் என்று ஒரு கதை உண்டு. அதை நான் முழுதாக நம்பவில்லை. பாதிதான் நீட்டியிருப்பார்.

இப்படிப்பட்டவரைத் தேடித்தான் ஆஸ்பத்திரியிலிருந்து டொக்டர் நிறோசா வந்தார். இருதய நோய்க்கான புது மருந்தொன்றைப் பரிசோதிக்கும் ஆய்வுக்கு நோயாளிகள் தேவைப்பட்டார்கள்.

"இந்த மாதிரி மருந்துகள எங்கயோ பெரிய பட்டினத்து ஆம்பிளைகள்லதான் கூடுதலாச் சோதிச்சிருக்காங்க, ஹாஜியார். எங்கட பக்கத்துச் சனத்துக்கு, அதுலயும் பொம்பிளைகளுக்கு, எப்பிடி வேல செய்யும் எண்டு சரியாத் தெரியா. அதால எல்லா விதமான ஆக்களும் வேணும். விரும்பினாச் சேரலாம், விருப்பமில்லாட்டி விடலாம்."

"எல்லா விதமும்தானே மகள்? அத என்கிட்ட உடுங்க."

விட்டார். அந்த ஞாயிற்றுக்கிழமை சங்க மண்டபம் நிறைந்தது. சம்மாந்துறையிலிருந்து அரிசி ஆலை முதலாளி, திருக்கோவிலிலிருந்து உரக்கடை முதலாளி, பெரியநீலாவணையிலிருந்து படகு முதலாளி, கத்தோலிக்கர் ஒருவரும் வேண்டுமே என்று பெனடிக் மாஸ்டர். எல்லா ஊரும் வந்தாயிற்று, எல்லா மதமும் வந்தாயிற்று. எல்லாரும் ஆண்கள், எல்லாருக்கும் ஒரே அளவு தொந்தி, எல்லாரும் ஹாஜியாருக்கு வேண்டியவர்கள். களை பிடுங்குகிறவர் இல்லை, வலை இழுக்கிறவர் இல்லை. இதைவிடப் பல்வகைமை உலகத்தில் வேறெங்கே கிடைக்கும்? வரிசையாக நிறுத்திப் படமும் எடுத்தார்கள்.

"பொம்பிளைகள் ஆரும் இல்லையே, ஹாஜியார்?"

"எங்கட பொண்டுகள் வரமாட்டாங்க மகள். வெக்கம். ஊசியெண்டாப் பயம். மறுகா, ஊட்டு வேலய ஆரு செய்யிற?"

"கேட்டுப் பாத்தீங்களா?"

"கேக்கத் தேவல்ல. அவங்கட மனசு எனக்குத் தெரியும்."

கேட்டிருந்தால் அல்லவா சந்தேகம் வந்திருக்கும்!

அந்த நேரத்தில் நதீரா வீட்டில் டொக்டருக்கான பகல் சாப்பாட்டை ஆக்கிக்கொண்டிருந்தார். அகப்பையை வைத்துவிட்டு அடிக்கடி உட்கார வேண்டியிருந்தது. கொஞ்ச நாட்களாகத் தாடையும் இடது தோளும் நோகின்றன. குசினியிலிருந்து கிணற்றடிக்குப் போவதற்குள் மூச்சு வாங்குகிறது. கணவரிடம் சொல்லத் தொடங்கியும் பார்த்தார். ஹாஜியார்தான் முடித்துவைத்தார்: "அது வயித்துக் கேஸ். இஞ்சித் தேத்தண்ணி குடி." நெஞ்சுவலி என்றால் மனிதன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய வேண்டும். தோளில் போய் நோகிற நெஞ்சை ஹாஜியார் கேள்விப்பட்டதில்லை.

கூட்டம் முடிந்து ஹாஜியார் டொக்டரோடு வந்து சாப்பாட்டில் உட்கார்ந்தார். கறி கொண்டுவந்த நதீராவின் முகம் வியர்த்துக் கொட்டுவதை டொக்டர் கண்டார்.

"என்ன செய்யிது ராத்தா?"

"கேஸ்," என்றார் ஹாஜியார்.

"மூச்சு வாங்குதா ராத்தா?"

"இல்ல. அவ எப்பயும் இப்பிடித்தான்."

"தோள் நோகுதா?"

"நோகாது."

எங்கள் ஊர்களில் வீடு பெண்ணுக்கு. மாப்பிள்ளைதான் பெட்டியோடு வந்து குடியேறுவார். ஹாஜியாரும் அப்படி வந்தவர்தான். வந்த நாளிலிருந்து வாசலுக்கு யார் வந்தாலும் பதில் சொல்லிச் சொல்லி, அது அவருக்கு மறந்துபோயிற்று. நதீராவுக்கு மறக்கவில்லை. கறிக்கோப்பையை மேசையில் வைத்துவிட்டுக் கதிரையைப் பிடித்துக்கொண்டார்.

"இது என்ட உம்மா எனக்குத் தந்த ஊடு. இதுக்குள்ள இவர் இவ்வளவு காலமும் எனக்காகப் பதில் செல்லிக்கிட்டு இரிந்தார். செல்லட்டும் எண்டு நானும் இரிந்தன். ஆனா நெஞ்சு என்ட நெஞ்சு. ஓம் டொக்டர், நோகுது. தோள் நோகுது, மூச்சு முட்டுது. எனக்குப் பயமா இரிக்கி."

டொக்டர் கை கழுவாமலே எழும்பிவிட்டார்.

ஆஸ்பத்திரியில் நதீராவை உள்ளே கொண்டுபோனார்கள். ஹாஜியாரை வெளியே வாங்கில் இருத்தினார்கள். தாதி நிப்லா ஓடிவந்தாள். "அவங்களுக்கு இப்ப கதைக்க ஏலாம இரிக்கி. எப்ப தொட்டு இந்த நோவு, ஹாஜியார்?"

ஹாஜியார் வாயைத் திறந்தார். கடைசியில் ஒருவர் உண்மையாகவே அவரிடம் கேள்வி கேட்கிறார்.

"எனக்குத் தெரியா புள்ள," என்றார். "நான் கேக்கல்ல." சொல்லிவிட்டுச் சின்னப்பிள்ளை போல அழுதார். அந்த ஒரு தடவை எனக்கும் அவரைக் கேலி செய்ய மனம் வரவில்லை.

மாரடைப்புத்தான். நதீரா பிழைத்தார். தேறியபின் டொக்டரிடம் ஆய்வைப் பற்றிக் குடைந்து குடைந்து கேட்டார். கேட்ட பிறகு சேர்ந்தார். நெஞ்சு வருத்தத்துக்கு மருந்தெடுக்கும் மதினி றாஹிலா வந்தார். மீன் காயவைக்கும் மெட்டில்டா வந்தார். பக்கத்து வீட்டுக் கச்சிமுகம்மதுவின் மனைவி எல்லாவற்றையும் கேட்டுவிட்டு "எனக்கு ஏலா" என்றார். அதையும் அவர் வாயாலேயே சொன்னார். "இவ்வளவு நாளும் ஏன் வரல்ல?" என்று டொக்டர் கேட்டதற்கு, "ஆரும் கேக்கல்லயே" என்றார் றாஹிலா.

ஹாஜியார் திருந்திவிட்டாரா? நதீரா வீடு திரும்பும்வரை வாய் திறக்காமல் இருந்தார், பாவம். பிறகு கடைக்கு வந்த ஒருவரிடம் சொல்லிக்கொண்டிருந்தார்: "எங்கட பொண்டுகள் எதுக்கும் முன்னுக்கு வாறவங்கதான். அவங்கட மனசு எனக்குத் தெரியும்."

சரி, உங்கள் வீட்டிலும் இப்படியொருவர் இருக்கிறாரா? பொறுங்கள், உங்களிடம் கேட்கவில்லை. பக்கத்தில் இருப்பவரிடம்தான் கேட்டேன். அதற்குள் நீங்கள் ஏன் "இல்லை" என்கிறீர்கள்?