கல்லுக்குள் கிடந்த மீனும் காவடி விரதமும்

அன்று கோயில் கூட்டத்துக்கு வந்திருந்தவர்கள்: ஆறு ஆர்ப்பான் அளவு கரும்பு நிலத்துக்குச் சொந்தக்காரரான தலைவர், அவர் சொல்வதற்கெல்லாம் தலையாட்டத் தேர்ந்தெடுக்கப்பட்ட பொருளாளர், ஊரில் முதன்முதலாக ஆறாம் வகுப்புத் தேறிய குற்றத்துக்காக இழுத்து வரப்பட்ட நான், ஒரு பூனை, ஒரு மீன், மீனின் சொந்தக்காரர். வராதவர்கள்: திடீர் வயிற்றுவலி வந்த பூசாரி, "அந்தக் கல்லைப் பத்திப் பேசுற இடத்துக்கு நான் வரமாட்டேன்" என்று கதவைச் சாத்திக்கொண்ட மீன்காரரின் மனைவி.

மீன்காரருக்கு ஊரில் மடகாஸ்கார் மாமா என்று பெயர். உலகத்துப் பிடிவாதக்காரர்கள் அத்தனை பேரையும் ஒரு மாட்டுவண்டியில் ஏற்றி மலையிலிருந்து உருட்டிவிட்டாலும், எதிரே நின்று அந்த வண்டியை நிறுத்திவிடக்கூடியவர் அவர் ஒருவர்தான். நிறுத்திவிட்டு, வண்டி வந்த பாதை தப்பு என்று வாதம் வேறு செய்வார்.

மொரீசுத் தீவில், செமின் கிரனியே பக்கத்தில் எங்கள் ஊர். பெரிய தோட்டத்து வெள்ளைக்காரர்கள் தங்களுக்கு உதவாத கல்மேடுகளைத் துண்டு போட்டு, மிகுந்த பெருந்தன்மையோடு எங்களுக்கு விலைக்குக் கொடுத்திருந்தார்கள். கரும்பு நடுவது என்றால் எங்களுக்கு முதலில் கல் பொறுக்குவது. அப்பன் பொறுக்கி, மகன் பொறுக்கி, வயல் நடுவே கோபுரம் கோபுரமாகக் குவித்த பிறகும், ஒரு மழை பெய்தால் மண்ணுக்கடியிலிருந்து புதுக் கல் எட்டிப் பார்க்கும். அப்படிப்பட்ட ஊருக்கு, மடகாஸ்கரில் மூன்று வருடம் நிலம் அளக்கிற துரை ஒருவரிடம் சங்கிலி இழுத்துவிட்டு, கப்பல் கூலி கொடுத்து மாமா கொண்டுவந்த ஒரே சொத்து ஒரு கல்.

துறைமுகத்தில் சுங்கக்காரர் பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு, "மொரீசுக்குக் கல்லா கொண்டுவர்றே?" என்று கேட்டாராம். கடலுக்குள் மீன் கொண்டுவந்து விடுகிறவனைப் பார்ப்பதுபோல் பார்த்தாராம். மாமா இதை எங்களிடம் பெருமையாகச் சொன்னார்.

மாமி பெருமைப்படவில்லை. "கடல் தாண்டிப் போன மனுசன் நாலு காசு கொண்டாருவாருன்னு பாத்தா கல்லு கொண்டாந்திருக்காரு. அம்மிக்கல்லா இருந்தாலும் மசாலா அரைக்கலாம்."

"இது கல்லு இல்லடி. மீனு."

உண்மையில் அது பார்க்க வேண்டிய பொருள்தான். மாங்காய் அளவு உருண்டை. அங்கே ஆற்றுப் படுகையில் இப்படி உருண்டைகள் கிடக்குமாம். சுத்தியலால் தட்டினால் பெரும்பாலானவற்றில் வெறும் மண்தான். இது மட்டும் சரிபாதியாகப் பிளந்து, ஒரு பாதியில் மீனும் மறுபாதியில் அதன் அச்சுமாக வாய் திறந்திருக்கிறது. விரல் நீளம். வால் உண்டு, துடுப்பு உண்டு, கண் இருந்த குழி உண்டு. செதில்கள் சின்னச் சின்ன வைரக்கட்டமாக அடுக்கி, எண்ணெய் தடவியதுபோல் மினுங்கின. அந்தத் துரை மாமாவிடம், "இது நீந்தின காலத்தில் மனுஷ ஜாதியே கிடையாது, மலை மாதிரிப் பல்லிகள்தான் உலகத்தை ஆண்டன" என்று சொல்லியிருந்தார். செத்த மீனைச் சேறு மூடி, சேறும் கல்லாகி, எலும்பும் கல்லாகிவிட்டதாம். நானும் பள்ளிக்கூடத்துப் புத்தகத்தில் தேடிப் படித்துவிட்டு, "நம்ம தீவே அப்ப கிடையாது மாமா, அது நெருப்பைக் கக்கிக்கிட்டு வெளியே வந்ததெல்லாம் ரொம்பப் பின்னாடி" என்றேன்.

மாமா அதை ஊர் முழுவதும் சொன்னார். ஊரும் மிகுந்த மரியாதையோடு கேட்டுக்கொண்டு, எவனோ உளியால் செதுக்கி மாமாவை ஏமாற்றிவிட்டான் என்று ஒருமனதாகத் தீர்மானித்தது. அந்த ஒரு வருடம் அவர் சண்டை போடாத ஆள் கிடையாது. கடையில் உப்பு வாங்கப் போவார், மீனுக்காகச் சண்டை போட்டுவிட்டு உப்பில்லாமல் திரும்புவார். சர்க்கரை ஆலையின் இஞ்சினியர் துரை ஒருநாள் குதிரையை நிறுத்தி, "அந்தக் கல்லை என்ன விலைக்குத் தருவே?" என்றார். "கல்லா? கல்லு வேணும்னா வயல்ல எடுத்துக்கங்க துரை, காசே வேணாம்" என்று கதவைச் சாத்திவிட்டார்.

அதற்கு மறுநாள் மாமி அதைத் தூக்கி வயல் நடுவே இருந்த கற்குவியலில் எறிந்துவிட்டாள். மாமா குவியலைக் கல் கல்லாகப் பிரித்தார். கரும்பு வெட்டுகிற காலத்தில் கரும்பை விட்டுவிட்டு, இரண்டு தலைமுறை அடுக்கிய கோபுரத்தைக் கலைத்து, இரண்டு பாதியையும் கண்டுபிடித்தார். அன்றிலிருந்து கல்லைக் கண்பார்வையிலிருந்து விலக்கியதில்லை. குளிக்கும்போதும் கரையில் துண்டில் சுற்றி எதிரே வைத்திருப்பார்.

இந்த நிலையில் தைப்பூசம் வந்தது. கொடியேற்றத்திலிருந்து காவடி முடியும்வரை விரதக்காரர் வீட்டுக்குள் மீன், கறி நுழையக் கூடாது. மாமா காவடி எடுத்தே ஆகவேண்டும். திரும்பி வரும்போது கப்பல் புயலில் மாட்டி, எல்லாரும் அவரவர் கடவுளைக் கூப்பிட்ட வேளையில், "ஊர் சேர்த்துடு முருகா, காவடி தூக்குறேன்" என்று நேர்ந்துகொண்டவர். காப்புக் கட்டக் கையை நீட்டியபோது தலைவர் தொண்டையைக் கனைத்தார்.

"ஏம்ப்பா, உன் வீட்டுல மீன் இருக்காமே?"

ஒரு வருடமாக "கல்லு, கல்லு" என்று கேலி செய்த அதே ஊர், ஒரே இரவில் அதை மீனாக ஒப்புக்கொண்டுவிட்டது. இவ்வளவு வேகத்தில் விஞ்ஞானம் பரவியதை நான் எங்கும் படித்ததில்லை. அதற்குத்தான் அந்தக் கூட்டம்.

"தம்பி, நீ படிச்சவன். சொல்லு" என்றார் தலைவர்.

"அதுல சதை ஒண்ணும் இல்லீங்க ஐயா. எலும்பு மட்டும்தான். அதுவும் கல்லாயிடுச்சு."

"அப்ப எலும்பு இருக்கு" என்றார் பொருளாளர். "எலும்புக் கொழம்பு சைவமா?"

"செத்து எத்தனையோ யுகம் ஆச்சுங்க."

"கருவாடும் செத்துதான் இருக்கு."

பரிசோதனை செய்வது என்று முடிவாயிற்று. வேகவைத்தால் மீன் வாடை வருகிறதா என்று பார்க்கலாம். கோயில் பாத்திரம் தீட்டாகிவிடும் என்பதால் மண்ணெண்ணெய் டின்னில் வேகவைத்தார்கள். மண்ணெண்ணெய் வாடை அருமையாக வந்தது. பிறகு பூனையை வரவழைத்தார்கள். டின்னிலிருந்து எடுத்த கல் கதகதப்பாக இருந்தது. பூனை அதை முகர்ந்துவிட்டு, ஒட்டிப் படுத்து, கண்ணை மூடிக்கொண்டது.

"மீனுதான்னு பூனையே சொல்லிடுச்சு" என்றார் பொருளாளர்.

தலைவர் கெட்டவர் அல்ல. மாமாவைத் தனியே அழைத்து, "ஒரு வார்த்தை 'இது கல்லு'ன்னு சொல்லிடு. இங்கயே காப்புக் கட்டிடறேன்" என்றார்.

நான் மாமாவைப் பார்த்தேன். அவர் கை மறுபடியும் காப்புக்காக நீண்டது.

"புயல்ல முருகன்கிட்டதான் வேண்டிக்கிட்டேன், உங்ககிட்ட இல்ல" என்றார். "அவருக்குத் தெரியும் இது மீனுன்னு. அவருகிட்டயே பொய் சொல்லிட்டு அவரு காவடியையே தூக்கச் சொல்றீங்களா?"

பதில் வேலிக்கு வெளியிலிருந்து வந்தது. கடற்கரையிலிருந்து கூடை சுமந்து மீன் விற்க வரும் லூயீஸ் அக்கா, விரத நாளில் எங்கள் தெருவில் வியாபாரம் இல்லை என்பதால் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தாள். சர்ச்சுக்குப் போகிற வேதக்காரி, ஆனால் அவள் தாத்தாவும் எங்கள் தாத்தாக்களோடு ஒரே கப்பலில் வந்தவர்தான்.

"போந்தியே, கடவுளே! இதுக்கா இவ்ளோ சண்டை? காவடி முடியிற வரைக்கும் எங்கிட்டக் குடு. எங்க வூட்டுல எப்பவும் மீன் இருக்குது. ஒண்ணு கூட இருந்தா யாரு கேக்கப் போறா?"

"கூடையில போட மாட்டியே?"

"மாட்டேன்."

"விக்க மாட்டியே?"

"இத்தப் போயி யாரு வாங்குவா? அலே, சீக்கிரம் குடு!"

கொடுத்தார். குழந்தையை முதல்நாள் பள்ளிக்கூடத்தில் விடுகிறவர்போல், கூடை தெருமுனை திரும்பும்வரை பார்த்துக்கொண்டு நின்றார். காப்புக் கட்டினார்கள்.

காவடி நாள். மாமா முதல் காவடி. நாக்கில் வேல் குத்தியாயிற்று, பேச முடியாது. ஆற்றங்கரையிலிருந்து மேளத்தோடு புறப்பட்டோம். பாதை பிரிகிற இடத்தில் வலப்பக்கம் கோயில், இடப்பக்கம் கடற்கரை. மாமா இடப்பக்கம் திரும்பினார். பின்னால் வந்த காவடிகள் திரும்பின. மேளம் திரும்பியது. "முருகன் எதையோ காட்டப்போறார்!" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டு தலைவரும் திரும்பினார். முருகன் எதைக் காட்டப்போகிறார் என்று எனக்கு மட்டும் தெரியும். செருப்பில்லாத கால்கள், உச்சி வெயில், ஒரு மைல் தார் ரோடு. காவடிச் சொம்பில் பால் திரியாமல் கோயில் சேரவேண்டும். திரிந்தால் நேர்த்தி பலிக்கவில்லை என்று அர்த்தம்.

லூயீஸ் அக்கா வாசலுக்கு ஓடிவந்தாள். ஊர்வலத்தைப் பார்த்தாள், மாமாவின் கண்ணைப் பார்த்தாள். மறுபேச்சில்லாமல் உள்ளே போய், கல்லை ஒரு தட்டில் ஏந்திக்கொண்டு வந்தாள்.

"இதோ பாரு. நல்லாத்தான் இருக்கு. போ, பால் திரிஞ்சுடப் போவுது."

மாமா பார்த்தார். செதில்கள் வெயிலில் மினுங்கின. ஊரே கும்பிட்டது. திரும்பி நடந்தோம்.

கோயிலில் சொம்பைத் திறந்தபோது பொருளாளர்தான் முதலில் எட்டிப் பார்த்தார். பால், பாலாகவே இருந்தது. "நான் அப்பவே சொன்னேன்" என்றார் தலைவர். என்ன சொன்னார் என்று யாரும் கேட்கவில்லை. நாக்கிலிருந்து வேலை உருவியதும் மாமா பேசிய முதல் பேச்சு: "அந்தத் தட்டு... மீன் வறுத்த தட்டா இருக்குமோ?"

மேளக்காரர்கள் கூடுதல் தூரத்துக்குக் கூடுதல் கூலி கேட்டார்கள். தலைவர் முனகிக்கொண்டே கொடுத்தார். மாமாவின் நேர்த்தி ஒரு வருடத்துக்குத்தான். ஆனால் அவர் ஒவ்வொரு வருடமும் காவடி எடுத்தார், மீன் ஒவ்வொரு வருடமும் லூயீஸ் அக்கா வீட்டுக்குப் போனது, ஊர்வலம் ஒவ்வொரு வருடமும் இடப்பக்கம் திரும்பியது.

போன புயல் காலத்தில் மாமா போய்ச் சேர்ந்தார். இந்த வருடக் கொடியேற்றத்தன்று மாமியே கல்லைத் துணியில் சுற்றிக்கொண்டு போய்க் கொடுத்துவிட்டு வந்தாள். காவடி நாளன்று பாதை பிரிகிற இடத்தில் எல்லாரும் ஒரு நிமிடம் நின்றோம். பிறகு இடப்பக்கம் திரும்பினோம். மேளக்காரர்களுக்குக் கூடுதலாக இரண்டு ரூபாய்; தலைவர் முனகாமல் கொடுத்தார்.