மச்சான் நிலத்தில் நான் நட்ட மஞ்சள் கம்பங்கள்

சேசு மரி சூசை

ஒரத்தநாடு,
செவ்வாய்க்கிழமை காலை.

தாம்பரத்தில் வாழும் மேன்மைமிகு மச்சான் குழந்தைராஜ் அவர்களின் சமூகத்துக்கு, தங்கள் தங்கை அமலோற்பவத்தின் கணவனும் அமலா டாய்ஸ் உரிமையாளருமான அடைக்கலராஜ் பணிவோடு எழுதிக்கொள்வது. இவ்விடம் நானும் தங்கள் தங்கையும் கம்பெனியும் ஆண்டவர் கிருபையால் சுகம். என் இடது முழங்கை மட்டும் சுகமில்லை. அதன் காரணம் கீழே வரும். அவ்விடத்துச் சுகத்தைத் தாங்கள் போனை எடுத்தால் தெரிந்துகொள்வேன். எடுக்காத காரணத்தால் பதிவுத் தபாலில் எழுதுகிறேன். தபாலைக் கட் பண்ண முடியாது.

நான் டிராக்டர் மேல் நின்று மைக்கைப் பிடித்துக் கத்துகிற வீடியோவைத் தாங்கள் வாட்ஸப்பில் பார்த்ததாகவும், “உன் புருஷனுக்குப் புத்தி கித்தி பிசகிப்போச்சா?” என்று தங்கையிடம் கேட்டதாகவும் அறிந்தேன். பிசகவில்லை மச்சான். எல்லாம் திட்டப்படிதான் நடந்திருக்கிறது. பொறுமையாக முழுவதையும் படித்தால் தாங்களே என் முதுகில் தட்டிக் கொடுப்பீர்கள்.

போன கிறிஸ்துமஸுக்கு வந்தபோது தாங்கள் என்னிடம் ஒப்படைத்த வேலை என்ன? தங்கள் அரை வேலி நிலத்தை வாங்கத் தஞ்சாவூர் பார்ட்டி தயார். ஆனால் அதைக் குத்தகைக்கு உழுகிற செல்லதுரை வெளியேறினால்தான் பத்திரம் என்கிறார். செல்லதுரையோ அவன் அப்பா காலத்திலிருந்து அங்கேயே உழுகிறவன். ஆகவே சண்டை இல்லாமல், கோர்ட்டு இல்லாமல், அவன் மனசு நோகாமல் நிலத்தை நம்ம கைக்குக் கொண்டுவர வேண்டும். “உன்னாலதான் மாப்ள முடியும்” என்றீர்கள். அந்த வார்த்தையை நான் இன்னும் மறக்கவில்லை.

இப்போது என் தொழில் விஷயத்துக்கு வருகிறேன், இரண்டும் ஒன்றுதான் என்பது போகப்போகத் தெரியும். திருவாரூர்த் தேரானாலும் வேளாங்கண்ணிக் கொடியேற்றமானாலும் நம்ம ஊதலோ கிலுகிலுப்பையோ தண்ணித் துப்பாக்கியோ கையில் இல்லாமல் ஒரு பிள்ளையும் வீடு திரும்பாது என்று இருந்த காலம் போய், இப்போது பிள்ளைகள் செல்போனோடுதான் பிறக்கிறார்கள். இந்த நேரத்தில்தான் நம்ம சரக்கை மொத்தமாக எடுக்கிற அதிராம்பட்டினம் யூனுஸ் பாய், அமெரிக்காவில் மகன் வீட்டுக்குப் போய்த் திரும்பியவர், ஒரு பிளாஸ்டிக் தட்டைக் கொண்டுவந்து என் மேசைமேல் வைத்தார். டிஸ்க் கோல்ஃப் என்று பெயராம். “அங்க நரைச்ச தாடிக்காரங்கல்லாம் இதை வீசிட்டு, அவங்களே நடந்துபோயி எடுத்து, திரும்ப வீசுறாங்க அடைக்கலம். கம்பத்துல சங்கிலி தொங்கும், கீழ ஒரு கூடை இருக்கும். சங்கிலியில பட்டுக் கூடையில விழுந்தா முடிஞ்சுது” என்றார். நாய் போய் எடுத்து வராதா என்று கேட்டேன். இல்லையாம், அவர்களேதான். ஒரு ஆளுக்கு ஒரு தட்டுதானே என்றேன். “நீங்க வேற! தூரத்துக்கு ஒண்ணு, கிட்டத்துக்கு ஒண்ணு, காத்தடிச்சா ஒண்ணுன்னு பை நிறைய வச்சிருக்கான்” என்றார். மச்சான், எனக்கு அங்கேயே எல்லாம் விளங்கிவிட்டது. பெரியவர்களுக்குப் பொம்மை விற்க ஒரே வழி, அதைப் பொம்மை என்று சொல்லாமல் இருப்பதுதான்.

உடனே வேலையில் இறங்கினேன். முதல் சரக்கில் தட்டுக்குள்ளே மணி போட்டேன், ஆட்டினால் சத்தம் வராத சாமானை இந்தக் கையால் நான் செய்ததே கிடையாது. யூனுஸ் பாய் ஆட்டிப் பார்த்துவிட்டு, தட்டை என் மேசைமேலேயே வைத்துவிட்டுப் போனார். இரண்டாவது சரக்கைச் சொப்புச் சாமான் மூடி அச்சில் வார்த்தேன். அது கிழக்கே வீசினால் பாதி தூரம் போய், எதையோ மறந்துவிட்டது போலத் திரும்பி வந்து வீசினவன் முழங்கையிலேயே அடித்தது. மேலே சொன்ன முழங்கை அதுதான். புது அச்சு வெட்டி வார்த்த மூன்றாவது சரக்கு பறந்தது மச்சான், பக்கத்துத் தென்னந்தோப்பைத் தாண்டிப் பறந்தது, எடுக்கப் போன ஆள் மத்தியானச் சாப்பாட்டுக்குத்தான் வந்தான். இனி வேண்டியது எறிந்து பார்க்க ஒரு திடல். அப்போதுதான் தங்கள் அரை வேலி ஞாபகம் வந்தது.

யோசித்துப் பாருங்கள். நம்ம பக்கம் நிலத் தகராறு என்றால் முதல் கேள்வியே ‘அனுபவம் யாருது?’, அதாவது நிலம் யார் கைவசம் இருக்கிறது என்பதுதானே. ஒருத்தன் ராத்திரியோடு ராத்திரியாக ஏர் ஓட்டுவான், இன்னொருத்தன் தென்னங்கன்றை நட்டுவிட்டு இது என் தாத்தா வைத்தது என்பான். நாம் டிஸ்க் கோல்ஃப் கம்பம் நட்டால் என்ன? விளையாட்டுக்கு விளையாட்டு, அனுபவத்துக்கு அனுபவம். உளுந்து எடுத்து முடிந்து வயல் காய்ந்து கிடந்த நேரம். செல்லதுரையிடம் போய், “கொஞ்ச நாளைக்குத் தட்டு எறிஞ்சு பாக்கணும் தம்பி” என்றேன். “கோடையில சும்மாதானேண்ணே கெடக்கு, எறிஞ்சுக்குங்க” என்றான். கம்பத்தைப் பற்றி நான் வாயே திறக்கவில்லை, அங்கேதான் என் மூளை இருக்கிறது. அவன் மாமியார் ஊருக்குப் போன சனிக்கிழமையாகப் பார்த்து ஒன்பது இரும்புக் குழாயைச் சிமெண்டு போட்டு நட்டேன். கோழிக்கூடு பின்னுகிறவரிடம் கூடை, சந்தையில் மாட்டுச் சங்கிலி, பொம்மை லாரிக்கு அடித்து மிஞ்சிய மஞ்சள் பெயிண்ட். எண் பலகைக்குத் தனியாக அலைவானேன் என்று பிள்ளைகள் எண் படிக்கிற நம்ம பொம்மை அட்டையையே மாட்டினேன். ஒன்றுக்கு யானை, ஐந்துக்கு வாத்து. பார்க்க லட்சணமாக இருந்தது.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. பூசை முடிந்து தங்கையைப் பின்னால் உட்கார வைத்து ஸ்கூட்டரில் வருகிறேன், மெயின்ரோட்டில் மறியல். பஸ் நிற்கிறது, லாரி நிற்கிறது, ஆளுங்கட்சி ஒன்றியச் செயலாளரும் எதிர்க்கட்சி ஒன்றியச் செயலாளரும் ஒரே டிராக்டரில் முட்டிக்கொண்டு நிற்கிறார்கள். என்னவென்று கேட்டால், எண்ணெய்க் கம்பெனிக்காரன் ராவோடு ராவாக வயலில் புகுந்து குழாய் இறக்கி நம்பர் போட்டுவிட்டுப் போய்விட்டானாம், செல்லதுரையின் அம்மா காத்தாயி ஆடு மேய்க்கப் போனபோது பார்த்துவிட்டுக் கூப்பாடு போட்டதில் ஊரே திரண்டுவிட்டதாம். எனக்கு ரத்தம் கொதித்துவிட்டது மச்சான். நானும் இந்த மண்ணில் பிறந்தவன்தானே. எந்த வயல், எந்தக் குழாய் என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம், கேட்கவில்லை. ஏறிவிட்டேன். “சோறு போடுற மண்ணுல எவன் குழாய் எறக்கினாலும் அவனை இந்த ஊர் சும்மா விடாது! அவன் யாரா இருந்தாலும் சரி, அவன் வீட்டு வாசல்ல நானே போய் குழி வெட்டுவேன்!” என்று நான் முழங்கியதும், கைதட்டல் அடங்க நேரமானதும், தங்கள் தங்கை கீழே நின்று முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டதும் வீடியோவில் இருக்கிறது. அதற்குப் பிறகுதான் மாமியார் ஊரிலிருந்து ஓடிவந்த செல்லதுரை சாட்சிக்காகப் பிடுங்கி வந்த அட்டையைத் தூக்கிக் காட்டினான். வாத்து. எண்ணெய்க் கம்பெனி வாத்து போடாது மச்சான்.

இறங்கலாம் என்று பார்த்தால் நாலு பக்கமும் ஜனம். அதற்குள் செல்லதுரை மைக்கை வாங்கினான். “இந்த நெலம் போச்சுன்னா நான் திருப்பூர் பனியன் கம்பெனிக்குத்தாண்ணே போவணும். எங்கம்மா எங்க போவும்?” என்றான். பக்கத்தில் நின்றது நான் என்பதால் என் முகத்தைப் பார்த்துத்தான் கேட்டான். நான் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டேன். வெயில் கடுமை.

நல்ல வேளையாகத் தாசில்தார் சாவித்திரி அம்மா ஜீப்பில் வந்து சேர்ந்தார். நான் சமாளித்த விதத்தைத் தாங்கள் நேரில் பார்த்திருக்க வேண்டும். உள்ளதை உள்ளபடி சொன்னேன், அவ்வளவுதான், நொடியில் கூட்டத்தின் கோபம் இறங்கிவிட்டது. பிறகு எல்லோரையும் வயலுக்கு அழைத்துப்போய் விளையாடிக் காட்டினேன். என் தட்டு, மறியலுக்கு வந்தவர்களுக்காக வயலோரம் வைத்திருந்த கஞ்சித் தொட்டியில் விழுந்ததைப் பெரிதுபடுத்த வேண்டியதில்லை. காத்தாயி ஒன்றை வாங்கி, உளுந்தங்காட்டில் ஆட்டை விரட்டுகிற மாதிரி திட்டிக்கொண்டே வீசினார், சங்கிலி சலசலவென்று ஆடிக் கூடையில் விழுந்தது. அப்புறம் பிடிக்க முடியவில்லை. மறியலில் மாட்டிய பஸ்ஸின் டிரைவர், கண்டக்டர், பிரயாணிகள், இரண்டு ஒன்றியம், பந்தோபஸ்துக்கு வந்த போலீஸ் எல்லோரும் வரிசை கட்டி எறிந்தார்கள். தாசில்தார் அம்மாவும் குடையை மடக்கி வைத்துவிட்டு ஒன்று எறிந்தார். சேதி கேட்டு வந்திருந்த யூனுஸ் பாய் அதைப் படம் எடுத்துப் பெங்களூர் விளையாட்டுச் சாமான் கடைக்கு அனுப்ப, ‘இந்தியாவில் இத்தனை பேர் ஆடுகிறார்களா?’ என்று கேட்டு அவர்கள் சாம்பிளுக்கு ஆள் அனுப்புகிறார்கள். விளம்பரத்துக்கு நான் எதுவும் செய்யவில்லை, ஊர் செய்துவிட்டது.

ஆகவே மச்சான், தாங்கள் கலங்க வேண்டியதே இல்லை. தொழில் தூக்கிவிட்டது. நிலத்தில் நம்ம கம்பம் ஒன்பதும் ஊரறிய, சர்க்காரறிய, சிமெண்டோடு நிற்கிறது. செல்லதுரைக்கும் நம்மேல் மனவருத்தம் துளியும் இல்லை. தாங்கள் சொன்னபடி சண்டை இல்லை, கோர்ட்டு இல்லை.

அக்காவுக்கும் பிள்ளைகளுக்கும் எங்கள் அன்பு. பூண்டி மாதா தங்கள் ரத்த அழுத்தத்தைக் கட்டுக்குள் வைத்திருப்பாராக. தங்கை ஒரு சம்புடம் உளுந்தங்களி மாவு தனிப் பார்சலில் அனுப்புகிறாள்.

தங்கள் அன்பு மாப்பிள்ளை,
அடைக்கலராஜ்

பின்குறிப்பு: ஒட்டுவதற்கு முன் தங்கை கடிதத்தை வாங்கிப் படித்துவிட்டு, “உள்ளதை உள்ளபடி சொன்னேன்னு எழுதியிருக்கீங்களே, என்ன சொன்னீங்கன்னு எழுதலையே” என்கிறாள். இடம் இல்லை என்றேன், இந்தத் தாளைக் கொடுத்தாள்.

தாசில்தார் அம்மா கேட்ட கேள்வி இரண்டே. கம்பம் நட்டது யார்? நிலம் யார் அனுபவத்தில் இருக்கிறது? தங்கள் அனுபவம் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். சொல்லியிருந்தால், தாங்கள்தான் எண்ணெய்க் கம்பெனிக்கு நிலத்தைக் கொடுத்துவிட்டீர்கள் என்று ஊர் முடிவு கட்டியிருக்கும், வாசலில் குழி வெட்டுகிறேன் என்று நான் சொன்னதை என் வாசலிலேயே செய்திருக்கும். அந்தப் பயம் மட்டும்தான் காரணம் என்று சொன்னால் பொய். செல்லதுரை முகத்தைப் பார்த்தபிறகு எனக்கு வேறு வார்த்தை வரவில்லை மச்சான். “நட்டது நான்தாம்மா, தட்டு எறியிற வெளையாட்டுக்கு. அவங்க அப்பா காலத்துலேருந்து செல்லதுரைதாம்மா உழுவுறாரு, நான் அவருகிட்ட கேட்டுத்தான் எறிய வந்தேன்” என்றேன். ஆமாம் ஆமாம் என்று மொத்த ஊரும் சொன்னது. “அப்புறம் ஏன் குத்தகைப் பதிவுல பேரு இல்ல?” என்று அந்த அம்மா அங்கேயே மனு எழுத வைத்தார். முதல் சாட்சிக் கையெழுத்து என்னுடையது. இரண்டாவது சாட்சி யார் என்று கேட்பதற்குள் தங்கள் தங்கை பேனாவை வாங்கிவிட்டாள். பேர் ஏறிவிட்டால் அவரை யாரும் வெளியேற்ற முடியாதாம். தங்களுக்கு நோட்டீஸ் வரும், ஆட்சேபணை இருந்தால் சொல்லலாமாம். அண்ணனுக்கு இருக்காது என்று தங்கை சொல்லி அனுப்பிவிட்டாள். தஞ்சாவூர் பார்ட்டிக்குத் தாங்களே பக்குவமாகச் சொல்லிவிடவும்.

இன்னொன்று. கம்பம் நிற்கிறது என்று மேலே எழுதியது நேற்று வரைக்கும் சரி. மேட்டூர் அணை திறந்து புது ஆற்றுக் கால்வாயில் தண்ணீர் வந்துவிட்டதால், செல்லதுரை விடிந்ததும் ஒன்பதையும் சிமெண்டோடு பெயர்த்துக் களத்து மேட்டில் அடுக்கிவிட்டு உழ ஆரம்பித்துவிட்டார். நான் போய் நின்றேன். ஏரை நிறுத்தாமலே, “அறுப்பு முடிஞ்சதும் வந்து நட்டுக்குங்கண்ணே. ஒங்க மச்சானையும் கூட்டியாங்க, நான் ஒண்ணும் சொல்லமாட்டேன்” என்றார்.