ஒரு வழி பேரிங்கும் ஒரு விரல் கிரீஸும்

சரசுவை நான் கடைசியாக உயிரோடு பார்த்தபோது, ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்தபடி என் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். "இன்னும் நகத்துக்குள்ள கிரீஸு போகல பாருங்க," என்றாள். நான் டீ வாங்கிக்கொண்டு திரும்புவதற்குள் முடிந்துவிட்டது.

எந்தக் கிரீஸைச் சொன்னாள் என்று எனக்குத் தெரியும்.

செல்போன் எங்கள் தெருவுக்கு வந்த புதிது. சரசுவின் தம்பி சேகர் துபாயில் வேலை பார்த்தான். லீவில் வந்தபோது, அங்கே யாரோ ஓட்டிப் பழசாக்கிய ரிமோட் பொம்மை லாரி ஒன்றை எனக்குக் கொண்டுவந்தான். பேட்டரியில் ஓடுவது அல்ல. தீப்பெட்டி அளவு என்ஜின், அதில் ஊற்றி எரிக்க, சென்னையில் சொல்லிவைத்து வாங்கும் நைட்ரோ எண்ணெய், பின்னால் ஒரு கயிறு. கயிற்றைச் சுண்டி இழுத்தால் கிளம்பிவிடும்.

எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. அதனால் லாரிக்குச் சண்டைபோட வீட்டில் ஆள் இல்லை. நாற்பது வயதில் நான் ஒருவனே இழுத்து இழுத்து, அவன் அடுத்த லீவுக்கு வருவதற்குள் கயிறு சுற்றியிருக்கும் ஸ்டார்ட்டரைத் தேய்த்து முடித்துவிட்டேன்.

"ஓடாத வண்டிய எதுக்கு மச்சான் அடைச்சு வச்சிருக்கீங்க? ஞாயித்துக்கிழமை நான் பஸ் ஏறுறதுக்குள்ள ஓடணும். இல்லைன்னா தூக்கிட்டுப் போயி எவனுக்காச்சும் குடுத்துருவேன்," என்றான் சேகர்.

"எரியோடு ஊரு வரைக்கும் போயி எம்புட்டு டீசல் என்ஜினப் பிரிச்சு மாட்டிருக்கேன் மாப்ள. இது ஒரு வேலையா?"

தேய்ந்தது உள்ளே இருக்கும் ஒரு வழி பேரிங். ஒரு பக்கம் சுற்றினால் வழுக்கும், மறுபக்கம் சுற்றினால் கவ்வும். புதுசு கூரியரில் வந்தது. கிணற்று மோட்டார்களில் நானே பார்த்துப் பார்த்துப் பழகிய தொழில்; பேரிங்கைக் கண்டால் கை தானாகக் கிரீஸ் டப்பாவுக்குப் போகும். ஒரு விரல் நிறைய எடுத்து அப்பி மாட்டினேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை இழுத்தேன். கயிறு வந்தது, என்ஜின் அசையவில்லை.

சேகர் வெள்ளை வேட்டியோடு வாசற்படியில் உட்கார்ந்து எண்ணிக்கொண்டிருந்தான். "முப்பத்தஞ்சு. மச்சான், செத்த நேரம் உக்காருங்க. முப்பத்தாறு. அக்கா, மோர் கொண்டா."

நாற்பத்தொன்றாவது இழுப்பில் கயிறு அறுந்தது. நான் பின்பக்கமாகச் சாய்ந்து, துணி ஊறவைத்திருந்த அண்டாவுக்குள் விழுந்து உட்கார்ந்தேன்.

மோரோடு வந்த சரசு நின்று பார்த்தாள். "எந்திரிக்காதீங்க. அப்படியே ஊறட்டும்."

"மணி பதினொண்ணு. பஸ்ஸு ஒண்ணரைக்கு," என்றான் சேகர்.

அவள் மோரை அவனிடம் கொடுத்துவிட்டு லாரியிலிருந்து ஸ்டார்ட்டரைக் கழற்றிக் கையில் எடுத்தாள். மோந்து பார்த்தாள்.

"இதுக்கும் கிரீஸா?"

"பேரிங்குன்னா வைக்கணும்ல?"

"என் சைக்கிள் ப்ரீவீலுக்கு வச்சீங்களே, நெனப்பிருக்கா? மிதிக்க மிதிக்கச் சங்கிலி சுத்துச்சு, சக்கரம் சுத்தல. சின்னாளப்பட்டியில இருந்து தள்ளிக்கிட்டே வந்தேன். கவ்வுற சாமானுக்குக் கிரீஸ் வச்சா எப்படிங்க கவ்வும்?"

அண்டாவுக்குள் உட்கார்ந்திருப்பவன் என்ன பேசினாலும் எடுபடாது.

அவளே பேரிங்கை மண்ணெண்ணெயில் அலசித் துடைத்து, தையல் மிஷின் எண்ணெய் இரண்டு சொட்டு விட்டாள். கயிற்றுக்கு என்ன செய்வது என்றேன். இடுப்பில் செருகியிருந்த சாவிக்கொத்தை எடுத்தாள். அது அவள் அப்பா தறிக்கு வாங்கிய நைலான் கயிற்றில் கோத்திருந்தது. கயிற்றை உருவிக் கொடுத்துவிட்டு, சாவிகளை ஒரு ஊக்கில் மாட்டிக்கொண்டாள்.

பன்னிரண்டரைக்கு ஈர வேட்டியோடு இழுத்தேன். மூன்றாவது இழுப்பில் என்ஜின் கிளம்பியது. கிளம்பிய வேகத்தில் புகைக்குழாயில் தேங்கியிருந்த எண்ணெய் முழுவதையும் சேகரின் வெள்ளை வேட்டியில் துப்பியது.

அவன் வேட்டியைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். "சரி, ஓடிருச்சு. வண்டி உங்களுக்கே."

"வேட்டிய அவுத்து அண்டாவுல போடுடா. உன் மச்சான் எந்திரிச்சு இப்பத்தான் இடம் காலியாச்சு," என்றாள் சரசு.

நைட்ரோ எண்ணெய் இப்போது வாங்குவதில்லை. லாரி பீரோ மேல் இருக்கிறது. சாவிகள் அதே ஊக்கில் தொங்குகின்றன. அவள் உருவிக் கொடுத்த கயிறு இன்னும் அறுந்துபோகவில்லை.