பர்மனென்ட்டா என்று கேட்டது, ஆமாம் என்றேன்

குப்பைத்தொட்டிதான் உலகிலேயே பாதுகாப்பான இடம் என்று நாற்பத்தெட்டு வயது வரை நம்பிக்கொண்டிருந்தவன் நான். வீட்டுக் குப்பைத்தொட்டியைச் சொல்லவில்லை. ஆபீஸ் கம்ப்யூட்டரில் மெயில் பார்க்கும் புரோகிராமில் ‘டெலிட்டட் ஐட்டம்ஸ்’ என்று ஒன்று இருக்குமே, அது.

இதற்கு நெய்வேலிதான் பொறுப்பு. சுரங்கத்தில் நிலக்கரிக்கு மேலே கிடக்கும் மண்ணை வெட்டிக் கொண்டுபோய் ஓரிடத்தில் கொட்டுவார்கள். டம்ப் என்று பெயர். கொட்டிய மண் மலையாக நிற்கும். மேலே மரம் வைப்பார்கள். மழை பெய்யும், ஜி.எம். மாறுவார், டம்ப் மட்டும் அங்கேயே இருக்கும். இருபது வருடம் அதைப் பார்த்துக்கொண்டே மைன்ஸ் ஆபீசில் உட்கார்ந்திருந்த எனக்கு, தூக்கிப் போடுவது என்றால் பத்திரப்படுத்துவது என்றே பதிந்துபோயிருந்தது. முக்கியமான மெயில் வந்தால் படித்த கையோடு டெலிட் செய்துவிடுவேன். (முக்கியமில்லாதது இன்பாக்ஸிலேயே கிடக்கும். அதை யார் தேடப்போகிறார்கள்?)

ஒரு திங்கட்கிழமை அப்படி ஒரு மெயில் வந்தது. எங்களுக்குத் தரைத்தளத்தில் குவார்ட்டர்ஸ் ஒதுக்கியிருக்கிறார்களாம். சம்மதம் என்றால் இதே மெயிலுக்குப் பதில் அனுப்ப வேண்டும். வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்குள் வராவிட்டால் வீடு வரிசையில் அடுத்தவருக்குப் போய்விடும். இரண்டாவது மாடி ஏறி இறங்கியே முழங்கால் போன என் மனைவி மங்கை, ஒன்பது வருடமாகக் காத்திருந்த வீடு.

வழக்கம்போல அதை டெலிட்டட் ஐட்டம்ஸில் பத்திரப்படுத்தி, அங்கிருந்தே ‘சம்மதம்’ என்று தட்டி, சென்ட் பட்டனை அழுத்தினேன். திரை வெளுத்தது. வட்டம் சுற்றியது. எங்கள் மெயில் புரோகிராமின் வேகம் அப்படி. திறந்துவிட்டு கேன்டீன் போய் டீ குடித்துவிட்டு வந்தால் பாதி திறந்திருக்கும். மறுபடி அழுத்தினேன். வட்டம்தான் சுற்றியது. செவ்வாய், புதன், வியாழன் எல்லாம் வட்டம் பார்த்தே கழிந்தன.

வெள்ளிக்கிழமை மூன்றரை மணிக்கும் வட்டம்தான். பக்கத்து மேசை செல்வியம்மாவைக் கூப்பிட்டேன். குறிஞ்சிப்பாடியிலிருந்து பஸ்ஸில் வருபவர். பன்னிரண்டு வருடமாக கான்ட்ராக்டில் டைப் செய்பவர். அவர் எட்டிப் பார்த்துவிட்டு நெற்றியில் கை வைத்தார்.

“இன்னா சார் இது, டெலிட்டட்ல இவ்ளோ மெயில வச்சிகினு இருக்கீங்க? அது எப்புடி ஓடும், மூச்சு முட்டிகினு இல்ல கிடக்கு. எம்ப்டி குடுத்துட்டு, காம்பாக்ட் குடுங்க. பறக்கும்.”

“பறக்குமா?”

“வேண்டியது ஏதும் அதுல இல்லீல்ல?” என்று கேட்டுக்கொண்டே அவர் டீ குடிக்கப் போய்விட்டார்.

நான் எம்ப்டி கொடுத்தேன். ஒரு சின்னக் கட்டம் வந்து ஆங்கிலத்தில் ஏதோ கேட்டது. முழுவதும் படிக்கப் பொறுமையில்லை. நடுவில் ‘பர்மனென்ட்’ என்ற சொல் மட்டும் பளிச்சென்று கண்ணில் பட்டது. நெய்வேலியில் ஒருவனிடம் பர்மனென்ட்டா என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்வானா? அந்த ஒரு சொல்லுக்காக இங்கே கான்ட்ராக்ட் தொழிலாளர்கள் வாசலில் பந்தல் போட்டு உட்கார்ந்திருக்கிறார்கள். அந்தச் சொல் இருந்தால் பெண் கொடுக்கிறார்கள். ஆமாம் என்று அழுத்தினேன். அடுத்து, காலியான இடத்தையும் சுருக்கிவிடும் காம்பாக்ட்டும் கொடுத்தேன்.

புரோகிராம் உண்மையிலேயே பறந்தது. கண்மூடித் திறப்பதற்குள் திறந்தது. காலி வீட்டில் யார்தான் ஓடமாட்டார்கள்?

குவார்ட்டர்ஸ் மெயிலைத் தேடினேன். டெலிட்டட் ஐட்டம்ஸ் துடைத்துவிட்டாற்போல இருந்தது. டீ குடித்துவிட்டு வந்த செல்வியம்மா என் முகத்தையும் திரையையும் பார்த்தார்.

“போச்சா?”

“பர்மனென்ட்டான்னு கேட்டுச்சும்மா.”

“எங்களுக்கு வராத பர்மனென்ட்டு உங்க மெயிலுக்கு வந்துட்டுது சார்” என்றார் அமைதியாக.

அந்த நேரம் பார்த்து மங்கையின் போன்.

“ஏங்க, சம்மதம் அனுப்பியாச்சா? கீழ் வீட்டுக்காரங்ககிட்ட எல்லாம் சொல்லிட்டேன். அந்தச் சமையலறைக்கு ஸ்கிரீன் எவ்வளவு வேணும்?”

“அது... பர்மனென்ட்டா முடிச்சாச்சு” என்றேன். (பொய் இல்லை, கவனியுங்கள்.)

“இப்பதான் நிம்மதி” என்று வைத்துவிட்டாள். நான் வண்டிச் சாவியைத் தேடிக்கொண்டு ஓடினேன். கைக்கு அகப்பட்ட ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு டவுன்ஷிப்புக்குப் பறந்தேன். வழியெல்லாம் ஒத்திகை. காய்ச்சல் என்று சொல்லலாமா, கம்ப்யூட்டர் எரிந்துவிட்டது எனலாமா, நேராகக் காலில் விழுந்துவிடலாமா? மூன்றாவதுதான் சரி என்று தோன்றியது. கீழே உட்கார்ந்து எழ எனக்கும் முழங்கால் ஒத்துழைக்காது என்பதை யோசிக்கவில்லை.

வீடு ஒதுக்கும் ஆபீசில் நான் நுழைந்ததும் கோவிந்தன் என்ற கிளார்க் பதறி எழுந்தார்.

“மைன்ஸ்ல ஏதாவது ஆயிடுச்சுங்களா?”

அப்போதுதான் தெரிந்தது, தலையில் இருந்தது சுரங்கத்துக்குள் போடும் மஞ்சள் ஹெல்மெட். கழற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, பெயரையும் பிளாக்கையும் சொல்லி, “மெயில் போயிடுச்சுங்க” என்றேன்.

கோவிந்தன் உட்கார்ந்தார். கண்ணாடியைக் கழற்றினார்.

“நீங்கதானா சார் அது? ஆளைப் பார்க்கணும்னுதான் இருந்தேன். போயிடுச்சா? வந்துகினே இல்ல இருக்கு. பதினாலு சம்மதம். கல்யாணத்துக்குக்கூட பொண்ணு ஒரு தடவதான் சார் தலையாட்டும்.”

“பதினாலா?”

“ஒவ்வொரு தடவ அழுத்துனதும் ஒண்ணு வந்திருக்கு. மெயிலு போயிடுச்சுன்னு காட்டத்தான் உங்க மிஷின் நேரம் எடுத்துக்குது, மெயிலு இங்க அப்பவே வந்துடுது. எங்க மேடம் நேத்து கேட்டாங்க, இவருக்கு வூடு வேணுமா, இல்ல பதினாலு வூடு வேணுமான்னு.”

அடுத்த மாதம் தரைத்தளத்துக்குக் குடிபோனோம். விஷயத்தை மங்கையிடம் செல்வியம்மாதான் பால் காய்ச்சிய அன்று போட்டுக்கொடுத்தார். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் எனக்கு இரண்டாவது தோசை சுலபமாகக் கிடைப்பதில்லை. “வேணுமா?” என்பாள். வேணும் என்பேன். “இன்னும் பதிமூணு வரலையே” என்று தோசைக்கரண்டியோடு நிற்பாள். போன மாதம் பெண் பார்க்க வந்தவர்கள் என் சம்மதத்தைக் கேட்டபோது, என் மகள் உள்ளேயிருந்து, “அப்பாகிட்ட கேக்காதீங்க, விடிஞ்சிடும்” என்றாள்.

அன்று கோவிந்தன் காட்டிய பட்டியலில் முதல் சம்மதம் திங்கட்கிழமை காலை பதினொன்று பத்துக்கு வந்திருந்தது. பதினொன்று பதினைந்துக்கே வீட்டை எங்கள் பெயரில் எழுதிவிட்டார்கள்.